எந்தக் காது?

டர்ன்டேபிளை மாற்று என்று நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். லின் எல்பி12 வாங்க வேண்டுமாம். இசைத்தட்டின் பள்ளத்திலிருந்து எடுக்கத் தவறியதை எந்த ஆம்ப்ளிஃபயரும் பிறகு சேர்த்துவிட முடியாது என்பது அந்த ஸ்காட்லாந்துக் கம்பெனி 1970களிலிருந்து சொல்லிவரும் வாதம். தர்க்கம் சரிதான். அதன்மேல் இவர்கள் கட்டும் காது மகாத்மியம்தான் பம்மாத்து. டிஜிடல் கலந்திருந்தால் ஒரே கேட்பில் கண்டுபிடித்துவிடும் காதாம்! முழு அனலாக் என்று இந்த வட்டாரம் கொண்டாடிய மொபைல் ஃபிடெலிட்டி இசைத்தட்டுகளில் பல, இடையில் எடுத்த டிஜிடல் பிரதியிலிருந்து வெட்டப்பட்டவை என்று 2022இல் வெளிப்பட்டது. அதுவரை, பல ஆண்டுகள், அந்தக் காதுகள் என்ன செய்துகொண்டிருந்தன? (பிரதியை விட்டுவிட்டுக் கருவியையே மெச்சும் நம் விமர்சகர்கள் சிலரும் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.)

நான் அதிகம் கேட்பது 78 ஆர்.பி.எம். தட்டுகள். வீணை தனம்மாள் 1932இல் பதிவு செய்தது பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். எல்பி12இல் 78 வேகமே கிடையாது. என் பழைய பெட்டியில் இருக்கிறது. ஆனால் எல்.பி.க்கான ஊசி இந்த அகலப் பள்ளத்தில் அடித்தூசியைத்தான் உரசும். இதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பருத்த முனை வேண்டும். அந்த ஊசியை வாங்கப்போகிறேன்.