'இயற்கை முடி'ன்னா எந்தப் பிராணியோட முடிங்க?

ஷேவிங் பிரஷ்ல என்னய்யா அரசியல்னு கேக்கப் போறீங்க. இருக்குங்க. சோப்பு நுரைக்கு அடியில நிறையவே இருக்கு.

நம்ம நண்பர்கள் சிலருக்கு இப்போ பழைய பாணி ஷேவிங் மேல பெரிய மோகம். ரெண்டு பக்கமும் கூர் இருக்கிற பிளேடு, சோப்புக் கிண்ணம், படிகாரக் கட்டி, கூடவே ஒரு பிரஷ். அதுவரைக்கும் சந்தோஷம்தான். டின் டின்னா ஃபோம் வாங்கிக் குப்பையில போடறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா பிரஷ்னு வந்துட்டா மட்டும் எல்லாரும் ஒரே பாட்டு: "நைலான்லாம் வேஸ்ட், இயற்கை முடிதான் பெஸ்ட்." இந்தப் பாட்டைத்தான் இன்னிக்குப் பிரிச்சு மேயப் போறேன்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். எந்தப் பிராணியின் முடி என்று சொல்லாத பிரஷ்ஷை வாங்கக் கூடாது. சொல்றவங்க ரொம்பக் கம்மி. அதனால செயற்கை இழை பிரஷ்தான் நமக்குச் சரி.

எங்க உத்திரமேரூர் கடைத்தெருவுல ஒரு பிரஷ்ஷை எடுத்துப் பாருங்க. டப்பா மேல 'நேச்சுரல் ஹேர்'னு போட்டிருக்கும். "எந்த முடிங்க?"ன்னு கேட்டா கடைக்காரர் நம்மளை ஒரு மாதிரி பார்த்துட்டு, "முடிதாங்க"ம்பார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல. அவருக்கு வந்த டப்பாவுலயும் அவ்வளவுதான் எழுதியிருக்கு. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பச்சைப் புள்ளி தேடற ஆளுங்க நாம. முட்டை சேர்த்த கேக்கைத் தொடமாட்டேன்னு சொல்றவர், தினம் காலையில கன்னத்துல தேய்க்கறது பன்றி முடியான்னு கேக்கறதே இல்ல. பன்றியைத் தொடக்கூடாதுங்கற பாய் வீட்டுக்கும் அதே டப்பாதான் போகுது. 'இயற்கை'ங்கற ஒரு வார்த்தை எல்லார் வாயையும் அடைச்சிடுது.

ஷேவிங் பிரஷ்ஷுக்கு உலகத்துல வழக்கமா இருக்கிற முடிகள் மூணு. பன்றி, குதிரை, பேட்ஜர். பேட்ஜர் நம்ம பக்கம் இல்லாத பிராணி. குழி தோண்டி வாழும். விலை ஒசந்த பிரஷ்ஷெல்லாம் அதோட முடிதான். நம்ம நாட்டுல இன்னொரு முடியும் பிரஷ் வியாபாரத்துல ஓடுது. அது கீரி முடி.

ஆமாங்க, கீரிப்பிள்ளை. அணிலுக்கும் தென்னங்கன்னுக்கும் வச்ச மாதிரி 'பிள்ளை'ன்னு பேர் வச்சு நாம கூப்பிடற அதே கீரி. ஏரிக்கரையில, வரப்புல குறுக்க ஓடுமே, அதுதான். எலியையும் பாம்பையும் தின்னு கழனிக்காரனுக்குச் சம்பளமில்லாம வேலை பாக்கற ஜீவன். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கறதும் குத்தம், முடியை விக்கறதும் குத்தம். ஆனாலும் நடக்குது. 2019 அக்டோபர்ல மத்திய அரசின் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்'னு பேர் வச்சு நாட்டின் பல இடங்களில் ஒரே நேரத்தில் சோதனை போட்டது. சிக்கினது 26,000 பிரஷ், 100 கிலோவுக்கு மேல முடி. 27 பேர் கைது. ஒரு கீரிக்கு 40 கிராம் முடின்னு தாராளமா வச்சாலும், 100 கிலோ முடிக்கு 2,500 கீரி சாகணும். நம்ம ஏரிக்கரையில ஒரு வருஷத்துல எத்தனை கீரி கண்ணுல படுதுன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

"யோவ், அது படம் வரையற பிரஷ்ஷுய்யா"ன்னு ஒருத்தர் வருவார். சரிதான், பெரும்பாலும் அதுக்குத்தான் போகுது. நான் சொல்ல வர்றது வேற. அந்தப் பிரஷ் மேல 'கீரி'ன்னு எவனும் அச்சடிச்சு விக்க மாட்டான். அதையும் மூடி மறைக்க 'நேச்சுரல் ஹேர்'ங்கற ரெண்டு வார்த்தை போதும். நல்லதும் கெட்டதும் ஒரே முகமூடி போட்டுக்கிட்டு வந்தா, முகமூடியைக் கழட்டச் சொல்றதுதானே நியாயம்?

அடுத்தது பேட்ஜர். 2018-ல் பீட்டா ஆசியா, சீனாவின் பேட்ஜர் பண்ணைகளில் எடுத்த படங்களை வெளியிட்டது. குறுகின கம்பிக் கூண்டு, அதுக்குள்ளயே சுத்திச் சுத்திப் பைத்தியம் பிடிச்ச பிராணிகள், கடைசியில அடிச்சுக் கொல்றாங்க. பீட்டான்னு பேரைக் கேட்டதும் உங்களுக்கு 2017 மெரினா ஞாபகம் வந்து ரத்தம் கொதிக்கும், தெரியும். ஜல்லிக்கட்டுல அவங்க சொன்னதை நீங்க ஏத்துக்க வேணாம். ஆனா எதிராளி சொன்னாங்கறதுக்காகக் கூண்டு இல்லாமப் போயிடாது. யார் சொன்னாங்கறதை விட்டுட்டு என்ன சொன்னாங்கன்னு பாக்கச் சொல்லி வள்ளுவரே சொல்லிட்டுப் போயிட்டார்.

"கொல்றது பாவம்னா நான் பாத்துக்கறேன், எனக்கு நுரை வேணும்"னு சொல்ற கல்நெஞ்சக்காரங்களுக்கு ஒரு சரித்திரக் கதை. முதல் உலகப் போர் சமயம். பேட்ஜர் முடி வர்ற வழி அடைபட்டுப் போச்சு. சோல்ஜர்களுக்கோ பிரஷ் வேணும். வியாபாரிங்க என்ன செஞ்சாங்க? ஆசியாவுல இருந்து மலிவான குதிரை முடியை இறக்கி, சாயம் போட்டு, பேட்ஜர் மாதிரியே ஜோடிச்சு வித்தாங்க. சரியாச் சுத்தம் பண்ணாத அந்த முடியோட ஆந்த்ராக்ஸ் கிருமியும் வந்துச்சு. நம்ம ஊர்ல ஆடு மாடு வளர்க்கறவங்களுக்கு அடைப்பான்னு சொன்னா புரியும். ஷேவிங்ல சின்னதா வெட்டுப்பட்டா போதும், கிருமி உள்ள போயிடும். 1915-லேர்ந்து 1924 வரைக்கும் அமெரிக்காவிலயும் பிரிட்டனிலயும் 200 பேருக்கு மேல இந்த நோய் வந்துச்சு, செத்தவங்களும் உண்டு. 1920-ல் ஜப்பான் பிரஷ்ஷை உள்ளேயே விடக்கூடாதுன்னு பிரிட்டன் தடை போட்டது.

இப்ப உங்க பிரஷ்ல ஆந்த்ராக்ஸ் இருக்குன்னு நான் பயமுறுத்தல. இப்பல்லாம் முடியைக் கிருமி நீக்கித்தான் கட்டறாங்க. கதையில முக்கியம் என்னன்னா, பேர் மாத்தி விக்கறது இந்த வியாபாரத்துக்கு நூறு வருஷப் பழக்கம்.

சரி, இனி உங்க வாதங்களுக்கு வருவோம்.

"இயற்கை முடிதான் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், நுரை பொங்கும்." பழைய நைலான் பிரஷ்ஷை மனசுல வச்சுப் பேசறீங்க. அது தென்னந்துடப்பம் மாதிரி இருந்தது வாஸ்தவம். இப்ப வர்ற செயற்கை இழை நுனியில மெலிஞ்சு, பூ மாதிரி இருக்கு. ஊற வைக்க வேணாம். பன்றி முடி மாதிரி நாத்தம் அடிக்காது, பழகற வரைக்கும் குத்தாது. முடி உதிர்ந்து கன்னத்துல ஒட்டாது. கம்மி சோப்புலயே நுரை வந்துடும், சீக்கிரம் காஞ்சிடும். நம்ம ஊர் சலூனை நினைச்சுப் பாருங்க. ஆளுக்கு ஒரு புது பிளேடுன்னு ஆகி வருஷக்கணக்காச்சு. ஆனா பிரஷ் மட்டும் ஊருக்கே ஒண்ணு. அந்த இடத்துல நல்லா அலசி, அடுத்த ஆளுக்குள்ள உதறிக் காயவைக்கத் தோதானது எது?

"நம்ம தாத்தா காலத்து மரபு." எந்தத் தாத்தா? திருத்தணியில மொட்டை போடும்போது பாத்திருக்கீங்களா? தலையில தண்ணி தெளிச்சு, கையால அழுத்தித் தேய்ச்சு, வழிக்க வேண்டியதுதான். பிரஷ்ஷும் கிடையாது, நுரையும் கிடையாது. கிராமத்துல திண்ணையில உக்காத்தி வச்சுப் பண்ணின சவரமும் அப்படித்தான். பிரஷ்ஷுங்கறதே வெள்ளைக்காரன் கூட வந்த சாமான். மரபு பேசணும்னா பக்கத்துல இருக்கிற வேடந்தாங்கலைப் பேசுங்க. துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க மேல கலெக்டர் கிட்ட புகார் கொடுத்து, 1798-ல் பறவைங்களுக்காக உத்தரவு வாங்கின ஜனங்க ஊர் அது. அது மரபு.

"செயற்கைன்னா பிளாஸ்டிக் ஆச்சே, மக்காதே." நியாயமான கேள்வி, இதை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். மக்காதுதான். ஆனா ஒழுங்கா வச்சுக்கிட்டா ஒரு பிரஷ் பல வருஷம் உழைக்கும். உங்க 'இயற்கை' பிரஷ்ஷோட கைப்பிடியே பெரும்பாலும் பிளாஸ்டிக்தானே? அப்புறம், 1938-ல் நைலான் டூத் பிரஷ் வர்றதுக்கு முன்னாடி சீமையில பல் விளக்கினது பன்றி முடியிலதான். இன்னிக்கு யாராவது "எனக்கு இயற்கை முடி டூத் பிரஷ்தான் வேணும்"னு அடம் பிடிக்கறீங்களா? வாய்க்குள்ள போறதுக்கு நைலான் ஆகும், கன்னத்துக்கு ஆகாதா? என்னங்க லாஜிக் இது :-)

"தொழில் பண்றவங்க வயித்துல அடிக்கறே." பிரஷ் தொழிலுக்குப் பேர் போன ஊர் உத்தரப்பிரதேசத்துல பிஜ்னோர் ஜில்லா ஷேர்கோட். இழை எதுவா இருந்தாலும் அதை அடுக்கி, கட்டி, கைப்பிடியில பொருத்தறது அதே கைதான். தொழில் போகாது, சரக்குதான் மாறும். கீரி விஷயத்துல வலை வச்சுப் பிடிக்கறவன் பெரும்பாலும் ஒண்ணுமில்லாத ஏழை. கைக்கு வர்றது சொற்பம், மாட்டினா ஜெயில். லாபம் பாக்கறவன் எங்கயோ ஏசி ரூம்ல இருக்கான். அந்த ஏழைக்காக உருகறவங்க முதல்ல அந்த முடியை வாங்கறதை நிறுத்தணும்.

குதிரை முடிக்கு மட்டும் நான் விலக்கு தரத் தயார். வாலையும் பிடரியையும் கத்தரிச்சா குதிரை சாகாது. ஆனா அதையும் 'குதிரை'ன்னு எழுதி வித்தாத்தான்.

எங்க ஊர் கோயில் சுவத்துல, பராந்தக சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டின குடவோலைக் கல்வெட்டு இருக்கு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடவே கூடாது, அவன் சொந்தக்காரன் பேரும் கூடாதுன்னு அதுல விதி. ஆயிரத்து நூறு வருஷம் ஆச்சு. ஏரிக்கும் தோட்டத்துக்கும் கணக்குக் கேட்ட ஊர், ஒரு கொத்து முடிக்குக் கணக்குக் கேக்கக் கூடாதா? அடுத்த தடவை கடையில 'நேச்சுரல் ஹேர்'னு பாத்தீங்கன்னா, வாய் விட்டுக் கேளுங்க: எந்தப் பிராணி, எந்த ஊர், உசுரோட இருக்கா? பதில் வரலைன்னா டப்பாவை அங்கயே வச்சுட்டு வாங்க.

டிஸ்கி: "பிரஷ்ஷே வேணாம், தாடியை வளத்துட்டுப் போறேன்"னு சொல்றவங்களுக்கு இந்தப் பதிவுல எந்த ஆட்சேபணையும் இல்ல. வீட்டம்மா கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.