ஃபேர் என்றொரு சொல்

பள்ளியில் எனக்கு எல்லாம் பிரெஞ்சில்தான். ஆங்கிலம் பழகியது புதுச்சேரி அரசு வேலையில், கோப்புகளுக்கு நடுவே. அங்கே தினமும் காதில் விழுந்த சொல் 'ஃபேர்'. டிராஃப்ட்டுக்கு அதிகாரி ஒப்புதல் தந்ததும், "ஃபேர் காப்பி போட்டுக் கையெழுத்துக்கு வையுங்க" என்பார் சூப்பரின்டென்டென்ட். அதாவது அடித்தல் திருத்தல் இல்லாத பிரதி. பிரெஞ்சிலும் இதற்குச் சுத்தம் என்று பொருள்படும் 'ப்ரோப்ர்' என்ற சொல்தான். இதுவரை சிக்கல் இல்லை.

வெளியே வந்தால் ரேஷன் கடைப் பலகையில் 'ஃபேர் பிரைஸ் ஷாப்'. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'ஃபேர் ரென்ட்'. இரண்டிலும் நியாயம். வானிலையில் ஃபேர் என்றால் மழை, புயல் இல்லை. தொகைக்கு முன்னால் வந்தால் கணிசம். ஆனால் ஒருவருடைய வேலையை 'ஃபேர்' என்று மதிப்பிட்டால் சுமார் என்று அர்த்தம், 'குட்'டுக்கும் கீழே. பாராட்டு என்று நினைத்து ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது!

பிரெஞ்சில் இந்தத் தொல்லை இல்லை. நியாயத்துக்கு 'ஜூஸ்த்', நல்ல வானிலைக்கு 'போ', வெளிர் நிறத்துக்கு 'க்ளேர்'. ஆனாலும் நேர்மையாக விளையாடுகிறவரைச் சொல்ல பிரெஞ்சுக்காரர்களே 'ஃபேர்-ப்ளே' என்று ஆங்கிலத்திடம் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

பழைய ஆங்கிலத்தில் ஃபேர் என்றால் அழகு. நேர்மை அதன்பின் வந்து சேர்ந்தது. வெளுத்த தோலும் பின்னால் வந்ததுதான். அழகும் நேர்மையும் வெளுப்பும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதில்தான் எனக்குச் சண்டை.

உறவில் ஒரு பெண்ணுக்கு வரன் தேடியபோது, ஆங்கிலத்தில் எழுதுவேன் என்று பயோடேட்டாவை என்னிடம் கொடுத்தார்கள். எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. "கலர்ல ஃபேர்னு போட்டுடுங்கண்ணா" என்றாள் அம்மா. முடியாது என்றேன். "அப்ப வீட்டிஷ்னாவது போடுங்க." கோதுமை விளையாத ஊரில் கோதுமை நிறம்! நான் அந்த வரியையே எடுத்துவிட்டேன். "கலர் போடலைன்னா கறுப்புன்னுதானே நினைப்பாங்க?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. பெண்தான் சொன்னாள்: "நினைக்கட்டும்மா. மாமா எழுதினது சரிதான்."

1975 முதல் விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம் 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. எங்கள் தெருக் கடையில் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

பழியை ஆங்கிலத்தின் மீது மட்டும் போடவும் முடியாது. தமிழில் நியாயத்துக்கும் நிறத்துக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. இருந்தும் 'பொண்ணு நல்ல கலர்' என்கிறோம்; கறுப்பு கலரில் சேர்த்தியில்லை போலும். கண்ணனையும் காளியையும் கருப்பண்ணசாமியையும் கும்பிட்டுவிட்டு வந்துதான் அப்படிச் சொல்கிறோம்.

காப்பிக்கும் வாடகைக்கும் அந்தச் சொல் இருக்கட்டும். பயோடேட்டாவில் நிறத்துக்கென்று ஒரு வரி வேண்டாம் என்பது என் கட்சி. தெரிந்தே ஆகவேண்டும் என்கிற மாப்பிள்ளை வீட்டார் போன் போட்டு வாய்விட்டுக் கேட்கட்டும். கேட்கும்போது கொஞ்சம் கூச்சமாவது வரும்.