மனைப்புறத்துக் குரங்குகளும் நம் கடமையும்

சென்னை மாநகரின் தென்புறத்தே தாம்பரம், வண்டலூர் முதலிய இடங்களில் குடியிருப்போர்க்குக் குரங்கின் தொல்லை புதியதன்று. கொய்யா பிஞ்சிலேயே உதிர்கின்றது. முருங்கைக் கிளை முறிகின்றது. கூரையின் ஓடு பெயர்கின்றது. நீர்த்தொட்டி மூடியின்றிக் கிடக்கின்றது. செல்வர் தம் சாளரங்கட்குக் கம்பிவலை பொருத்தித் தப்புவர். நான்கு முருங்கைமரங்களின் வரவை நம்பி வாழும் ஏழை மூதாட்டி என் செய்வாள்? ஆதலின் இதனை நகைப்பிற்குரிய சிறுபொருளென்று தள்ளிவிடுதல் தகாது.

இதுபற்றி இருவேறு கொள்கையினர் உளர். ஒரு சாரார், நஞ்சிட்டேனும் கண்ணி வைத்தேனும் இவற்றை ஒழித்துவிட வேண்டுமென்பர். மற்றொரு சாரார், குரங்கைக் கண்டவுடன் வாழைப்பழமும் ரொட்டியும் ஈந்து, அதனையே அறமென்று கருதுவர். இவ்விரு சாராரும் பிழைபடுகின்றனர் என்பதே எம் கருத்து.

நம் நாட்டுக்குரங்கு, இந்தியத் தீபகற்பத்திலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 2022-இல் திருத்தப்பெற்றபின், இதனை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. ஆகவே உரிய அதிகாரியின் எழுத்துமூலமான ஆணையின்றி இதனைப் பிடித்தலும் கொல்லுதலும் குற்றமாம். ஆணை பெற்றுப் பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விடலாமே எனின், அதுவும் பெரும்பயன் தருவதன்று. மந்திகள் தாம் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுதும் இருக்கும் இயல்பின. சிலவற்றைப் பிரித்துக் கொண்டுபோயின் எஞ்சியவை இங்கேயே பெருகும். பிரிந்தவையோ பழகிய உணவை நாடி அடுத்த சிற்றூரின் கூரைமேல் ஏறும். நம் தொல்லையை அயலார் தலையிற் சுமத்துதல் தீர்வாகுமோ?

இனி, ஊட்டுவோர் விளைக்கும் தீங்கினை நோக்குவோம். ஆலம்பழமும் அத்திப்பழமும் தளிரும் பூச்சியும் தேடி நாளெல்லாம் அலைவதே குரங்கின் இயற்கை வாழ்வு. சமைத்த உணவு எளிதிற் கிட்டுமாயின், அது கன்னப்பை நிறையச் சில கணத்தில் அடக்கிக்கொண்டு, எஞ்சிய பொழுதெல்லாம் நம் மனைகளிற் திரிகின்றது. கொடுப்பார் கையில் வாங்கிப் பழகியது, கொடாதார் கையிலிருந்து பறிக்கின்றது. ஒருவர் ஈகைக்கு அயல்வீட்டுச் சிறுவன் கடியுண்கின்றான்! மூடியற்ற குப்பைத்தொட்டியும் இத்தகைய ஈகையே. மேலும், சாலைகளை அகலமாக்குங்கால் ஆலும் புளியுமாகிய அவற்றின் உறைவிடங்களை வீழ்த்தினோர் நாமே என்பதும் மறக்கற்பாலதன்று.

சங்க இலக்கியம் பயில்வோர் குறிஞ்சிநிலத்துத் தினைப்புனக் காவலை அறிவர். மகளிர் பரண்மீது இருந்து, தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டிய செய்தி குறிஞ்சிப்பாட்டிற் காணப்படும். அவர் கிளிக்குலத்தை வேரறுக்க முயன்றாரல்லர். கதிரை வாரியிறைத்து அழைத்தாருமல்லர். விளையுங் காலத்தே விழிப்புடன் இருந்து காத்தனர். அந்நெறியே இன்று நமக்கும் உரியது.

எனவே, தெருவினர் ஒன்றுகூடிச் செய்யத்தக்கன சில உள. குப்பை மூடிய தொட்டியில் இடப்பட்டு, நாள்தோறும் வைகறையில் அகற்றப்படுதல் வேண்டும். கூரையைத் தொடும் கிளைகளைக் கழித்தலும், காய்க்குலைகளை வலையால் மூடுதலும் வேண்டும். எவரும் உணவிடுதல் கூடாது. பத்து வீட்டார் ஒழுங்காயிருந்தும் ஒருவர் தவறின் பயன் கெடும்; ஆதலின் இது தனி மனையின் காரியமன்று, ஊரின் காரியமாம். வலை வாங்க இயலாத வறியவர்க்கு வசதியுள்ளோர் வாங்கித்தருதல், குரங்கிற்குப் பழமிடுதலினும் சிறந்த அறமன்றோ? வெற்றுநிலங்களிலும் ஏரிக்கரைகளிலும் ஆலும் அத்தியும் நாவலும் நட்டு வளர்த்தல் நம்போன்ற மாணாக்கர்க்கு ஏற்ற பணியாம். அவற்றின் நிழலில் பின்வருவோர் இளைப்பாறுவர். கிளைகளில் குரங்குகள் தம் உணவைத் தாமே தேடிக்கொள்ளும்.