வீட்டுப் பெட்டியில் ஜப்பான் ‘வாழைமர நோட்டு’ இருக்கா? விலை கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம்!

போன வாரம் ஆலந்தலையில் இருந்து நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நாலாக மடித்து வைத்து, மடிப்பில் கிழிந்துபோன பத்து டாலர் நோட்டு. அதில் குலை தள்ளிய வாழைமரம். பினாங்கு துறைமுகத்தில் வேலை பார்த்த அவனுடைய பூட்டன் கொண்டுவந்ததாம். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பைபிளுக்குள் இருந்ததாம். படத்துக்குக் கீழே ஒரே கேள்வி: “மக்கா, இது எத்தனை லட்சத்துக்குப் போகும்?”

லட்சத்துக்கெல்லாம் போகாது. ஆனால், அதை விற்காதே என்றுதான் அவனுக்குப் பதில் போட்டேன். ஏன் என்று பார்ப்போம்.

இது என்ன நோட்டு?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பான் படையிடம் வீழ்ந்தது. மலாயா, பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று தான் பிடித்த ஒவ்வொரு பகுதிக்கும் ஜப்பான் தனித்தனியாக நோட்டு அச்சடித்தது. மலாயாவுக்கு டாலர், பர்மாவுக்கு ரூபாய். நோட்டில் உள்ள எழுத்துகளில் முதலில் ‘எம்’ இருந்தால் மலாயா, ‘பி’ இருந்தால் பர்மா. மலாயாவின் பத்து டாலரில் வாழைமரம் இருந்ததால் மொத்த நோட்டுக்கும் ‘வாழைமர நோட்டு’ என்றே பெயர் வந்துவிட்டது.

முதலில் வந்தவற்றில் வரிசை எண் இருந்தது. போகப்போக அதையும் விட்டுவிட்டு, வெறும் எழுத்துகளோடு அடித்துத் தள்ளினார்கள். எவ்வளவு அடித்தோம் என்ற கணக்கே இல்லாத பணத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? விலைவாசி எகிறியது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டினார்கள் மக்கள். இதே காலத்தில்தான் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் - பர்மா ‘மரண ரயில்’ பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. திரும்பி வந்த பிரிட்டிஷ் நிர்வாகம், இந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் செல்லாமல் போனபோது, மாற்றிக்கொள்ள நமக்கு வங்கி வாசலில் வரிசையாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. ‘கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பான் அரசு உறுதியளிக்கிறது’ என்று அந்தப் பத்து டாலரிலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அதை நம்பித்தான் மூன்றரை வருஷம் உழைத்தார்கள். ஹாங்காங்கில் இதேபோல் ‘ராணுவ யென்’ வைத்திருந்தவர்கள் இழப்பீடு கேட்டு ஜப்பானில் வழக்கே போட்டார்கள். 1999-ல் டோக்கியோ நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

அப்புறம் ஏன் விலை இல்லை?

அச்சடித்தது ஏராளம், மிஞ்சியதும் ஏராளம். அதனால் சாதாரண நோட்டுகள் சேகரிப்பாளர்களிடம் இன்றும் சல்லிசாகவே கிடைக்கின்றன. வரிசை எண் உள்ள ஆரம்பகால நோட்டு என்றால் விலை கொஞ்சம் கூடும். ‘பழைய நோட்டு இருந்தால் நீங்கள் லட்சாதிபதி’ என்று வரும் வீடியோக்களை நம்பி யாருக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். பழைய நோட்டு, நாணயங்களை வாங்க கமிஷன், வரி என்று தன் பெயரைச் சொல்லி மோசடி நடப்பதாக 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது.

சந்தை எதற்கு மதிப்பு போடுகிறது?

இங்கேதான் எனக்கு ஒரு முரண் தெரிகிறது. சேகரிப்புச் சந்தையில் மடிப்பே விழாத மொடமொடப்பான நோட்டுக்குத்தான் கிராக்கி. யோசித்துப் பாருங்கள், மடிப்பு விழாத நோட்டு என்றால் அது யார் கைக்கும் சம்பளமாகப் போகாத நோட்டு. கட்டோடு கிடந்து அப்படியே மிஞ்சியது. நண்பன் வீட்டில் இருப்பதோ வேர்வையும் எண்ணெய்க் கறையும் ஏறியது. யாரோ உழைத்து வாங்கி, இடுப்பில் முடிந்து, கடல் தாண்டிக் கொண்டுவந்தது. சந்தையில் அதற்கு மதிப்பு குறைவு. நமக்கு அதுதான் ஆவணம்.

சேகரிப்பாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லையென்றால் இதில் பாதி குப்பைக்குப் போயிருக்கும். ஆனால், பெட்டியில் இருந்து ஆல்பத்துக்குப் போகும்போது நோட்டு மட்டும்தான் போகிறது, கதை இங்கேயே விட்டுப்போகிறது. பினாங்கு, பூட்டன், பைபிள் எல்லாம் கழன்றுவிட்டால் மிச்சம் இருப்பது வாழைமரம் போட்ட ஒரு காகிதம்தான். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போன நம்மூர் சனங்களில் பெரும்பாலானோர் டைரி எழுதி வைக்கவில்லை. பல வீடுகளில் அவர்கள் விட்டுப்போன ஒரே எழுத்துச் சாட்சி இப்படி ஒரு நோட்டாக இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே காகிதத்தைக் கெடுக்கும். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரில் இருந்து, எந்த வருஷம், என்ன வேலை பார்த்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தனித் தாளில் எழுதி நோட்டோடு வையுங்கள். அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் அந்தத் தாளையும் சேர்த்தே கொடுங்கள். வாங்குகிறவர்களும் ‘எவ்வளவு?’ என்பதற்கு முன்னால் ‘யாருடையது?’ என்று கேட்டுப் பழகலாம்.

நண்பனின் பாட்டிக்கு வயது 84. அந்த நோட்டு இன்னும் நூறு வருஷம்கூட இருக்கும். அதன் கதையைச் சொல்ல அந்த வீட்டில் பாட்டி ஒருவர்தான் இருக்கிறார். “விலையை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல பாட்டி பக்கத்துல போய் உட்காருடா” என்று சொல்லியிருக்கிறேன்.