வீட்டுக் கணனியும் நீர்க்குளிர்ச்சி மோகமும்

அண்மைக் காலமாக எமது மாணவரிடையே ஒரு கருத்து வேரூன்றி வருகின்றது. வீட்டுக் கணனி ஒன்றை அமைக்க விரும்புவோர் அதன் முறைவழியாக்கியை நீரினாலேயே குளிர்விக்க வேண்டும். விசிறியும் உலோகத் தகடுகளும் பழைமையின் எச்சங்கள். நீரே நவீனம் என்பது அக்கருத்து. விடுதி அறைகளிலும் சிற்றுண்டிச்சாலையிலும் இஃது ஐயத்துக்கிடமற்ற உண்மைபோற் பேசப்படுகின்றது. விஞ்ஞானம் கற்றோர் சிலரும் இதற்குத் தலையசைக்கின்றனர். இக்கருத்து விஞ்ஞானத்தின் பாற்பட்டதன்று, விளம்பரத்தின் பாற்பட்டது என்பதையும், கண்டியைச் சூழ்ந்த எமது ஊர்களில் வாழ்வோருக்கு அது நட்டத்தையே தருவது என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பௌதிகத்தை நோக்குவோம். முறைவழியாக்கி உட்கொள்ளும் மின்சக்தி ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அவ்வெப்பம் சென்று சேர வேண்டிய இடம் ஒன்றே. அஃது அறையிலுள்ள வளி. நீர்க்குளிர்ச்சி எனப்படும் அமைப்பில் நடப்பது யாது? முறைவழியாக்கியின்மேற் பொருத்தப்பட்ட செப்புத் தகட்டிலிருந்து நீர் வெப்பத்தைப் பெறுகின்றது. சிறு பம்பி ஒன்று அந்நீரை இறப்பர்க் குழாய் வழியே றேடியேற்றருக்குத் தள்ளுகின்றது. அங்கே மெல்லிய உலோகத் தகடுகளினூடாக விசிறிகள் காற்றை வீசுகின்றன. ஆகவே, ஈற்றிற் குளிர்விப்பது காற்றே. நீர் வெறும் சுமைகாவி. ஒரே அளவு வெப்பநிலை உயர்வுக்கு, ஒரு கனவளவு நீர் அதே கனவளவு வளியைக் காட்டிலும் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைக் கொள்ளவல்லது என்பது உண்மை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், சுமைகாவி எத்துணை வலியனாயினும் சுமையை இறக்கும் இடம் மாறுவதில்லை. அறையின் வெப்பநிலை 28 பாகையாயின், இவ்விரு முறைகளுள் எதுவும் முறைவழியாக்கியை 28 பாகைக்குக் கீழே கொணர மாட்டாது.

இனி, பழைமையானதெனப் பழிக்கப்படும் காற்றுக்குளிராக்கியின் உள்ளமைப்பைப் பார்ப்போம். அதன் அடியிலிருந்து மேலெழும் செப்புக்குழாய்கள் வெறும் உலோகத் தண்டுகள் அல்ல. வளி அகற்றப்பட்ட அக்குழாய்களினுள்ளே சிறிதளவு நீர் அடைக்கப்பட்டுள்ளது. சூடான முனையில் அந்நீர் ஆவியாகின்றது. ஆவி குளிர்ந்த முனைக்கு விரைந்து, அங்கு ஒடுங்கி மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்டுளைப் படையினூடாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகின்றது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் செய்துகாட்டிய வெப்பக்குழாய்த் தத்துவம் இதுவே. இங்கு பம்பி இல்லை. பம்பிக்கு மின்சாரம் இல்லை. குழாயினுள் தேயக்கூடிய உறுப்பு எதுவும் இல்லை. நீரைப் புகழ்வோர் தாம் இகழும் கருவியினுள்ளும் நீரே தொழிற்படுவதை அறியாதிருக்கின்றனர். காற்றா நீரா என்னும் வினாவே பிழையானது. நீரைப் பம்பியினாற் செலுத்துவதா, இயற்கையின் போக்கிலே செல்ல விடுவதா என்பதே உண்மையான வினா.

‘புதியது எதுவோ அதுவே சிறந்தது’ என்பது மற்றொரு வாதம். இது வரலாறு அறியாதோர் வாதம். நீர்க்குளிர்ச்சி புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1980இல் அறிமுகஞ்செய்த 3081 பெருங்கணனி நீரினாற் குளிர்விக்கப்பட்டது. 1985இல் வெளிவந்த கிறே-2 கணனியின் சுற்றுக்களோ திரவத்தினுள்ளேயே அமிழ்த்தப்பட்டிருந்தன. அக்காலத்து இருமுனைவுத் திரான்சிற்றர்கள் வெளியிட்ட வெப்பம் அத்தகையது. 1990களின் நடுப்பகுதியிற் சீமோஸ் தொழினுட்பத்துக்கு மாறியபோது அதே ஐ.பி.எம். பெருங்கணனிகள் நீரைத் துறந்து காற்றுக்குத் திரும்பின. அப்பிள் நிறுவனம் 2004இல் தனது பவர் மக் ஜி5 வகையொன்றுக்குத் திரவக்குளிர்ச்சியைக் கையாண்டது. வேறு முறைவழியாக்கிக்கு மாறி 2006இல் மக் புரோவை வெளியிட்டபோது காற்றுக்கே மீண்டது. இவற்றால் நாம் அறிவது யாது? நீரும் காற்றும் நாகரிகத்தின் கீழ்ப்படியும் மேற்படியும் அல்ல. வெப்பத்தின் அளவுக்கேற்பத் தெரிவுசெய்யப்படும் இரு வழிகளே அவை.

அவ்வாறாயின் நீரை நாட வேண்டிய இடமே இல்லையா? உண்டு. 2022இல் இயங்கத் தொடங்கிய அமெரிக்காவின் புரொண்டியர் மீக்கணனி 20 மெகா உவாற்றையொட்டிய மின்வலுவை உட்கொள்வது. அதனை நீரன்றி வேறெதனாலும் இலகுவிற் குளிர்விக்க முடியாது. இன்றைய செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் நிலையும் அதுவே. வீட்டுக் கணனிகளுள்ளும் கோர் ஐ9 14900கே போன்ற முறைவழியாக்கி முழு வேகத்தில் 253 உவாற்று வரை செல்லக்கூடியது. நாள் முழுதும் திரைப்படத் தொகுப்புச் செய்பவர் அதனை நீரினாற் குளிர்விப்பாராயின் அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆய்வேடு தட்டெழுதி, புள்ளிவிபரம் கணித்து, விரிவுரை கேட்கும் மாணவரின் கணனிக்குப் பெரும்பாலும் 65 உவாற்று வகையைச் சேர்ந்த முறைவழியாக்கியே போதுமானது. அதற்கு நீர்ச்சுற்று அமைப்பது, ஒரு குடம் நீர் கொள்ளும் வீட்டுக்கு நீர்த்தேக்கம் கட்டுவதை ஒக்கும். மேலும், கண்டியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை கொழும்பினதைவிட ஏறத்தாழ மூன்று பாகை குறைவு. இயற்கை எமக்கு இலவசமாய் அளித்துள்ள குளிர்ச்சி அது.

வத்தேகமவில் நாம் நேரிற் கண்ட நிகழ்ச்சி ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். பன்விலப் பாதையை அண்டிய தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருவர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, தாயார் கொழுந்தெடுத்துச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்திற் கணனி ஒன்று வாங்கப்பட்டது. விற்றவர் நீர்க்குளிர்ச்சியே வேண்டுமென வற்புறுத்தினார். கண்ணாடிச் சுவரும் வண்ண விளக்குகளும் கண்ணைக் கவர்ந்தன. மூன்றாம் ஆண்டிற் பெட்டியினுள்ளிருந்து நீர் கொப்பளிக்கும் ஓசை எழுந்தது. சின்னாளிற் பம்பி ஓய்ந்தது. கணனி இயக்கிய சில நிமிடங்களிலேயே தானாக நின்றுவிடலாயிற்று. ஆய்வேடு ஒப்படைக்க ஒன்பது நாட்களே இருந்தன. பழுதுபார்க்கும் உள்ளூர் இளைஞர் கைதேர்ந்தவர். எனினும் திறக்கவொண்ணாதவாறு அடைக்கப்பட்ட அமைப்பை அவரால் என்செய்ய முடியும்? உத்தரவாதக் காலமோ முடிந்துவிட்டது. அம்மாணவி சிநேகிதியின் கணனியில் இரவிரவாக இருந்து ஆய்வேட்டை முடித்தார். பின்னர் விலை குறைந்த காற்றுக்குளிராக்கி ஒன்றை அவ்விளைஞர் அரைமணி நேரத்திற் பொருத்திக் கொடுத்தார். வெப்பநிலையிற் சில பாகை வேறுபாடே காணப்பட்டது. அக்கணனி இன்றும் இயங்குகின்றது.

இந்நிகழ்ச்சி தற்செயலானதன்று. பம்பி இயங்கி இயங்கித் தேய்வது. குழாயின் சுவரினூடாக நீர் மெல்ல மெல்ல வெளியேறுவது. செப்பும் அலுமினியமும் ஒரே நீரைத் தொடுமிடத்து அரிப்புக்கு இடமுண்டாவது. உற்பத்தியாளர் இவற்றைத் தாமதப்படுத்தலாம். முற்றாக நீக்க முடியாது. காற்றுக்குளிராக்கியில் தேயும் உறுப்பு விசிறி ஒன்றே. அது நின்றால் கடைவீதியில் வேறொன்று வாங்கலாம். தூசி படிந்தால் தூரிகையாற் துடைக்கலாம். நீர்க்குளிர்ச்சியாளரும் றேடியேற்றரின் தூசியைத் துடைத்தே ஆகவேண்டும் என்பதை மறத்தலாகாது.

எமது பக்கத்திற் கூறப்படும் பொய்வாதங்களையும் கண்டித்தல் நேர்மையாகும். மலைநாட்டு ஈரப்பதனால் நீர்க்குழாயிற் பனி படிந்து கணனி கெடும் என்பர் சிலர். அது தவறு. நீர் அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்காதாகையாற் பனி படிய வழியில்லை. மின்தடை ஏற்பட்டாற் பம்பி நின்று முறைவழியாக்கி எரியும் என்பதும் தவறு. மின்தடையின்போது முறைவழியாக்கியும் நின்றுவிடுமன்றோ! பெரிய காற்றுக்குளிராக்கிகள் ஒரு கிலோகிராமுக்கு மேற் பாரமுடையவை. மேடுபள்ளமான பாதையிற் கணனியைக் கொண்டுசெல்லுங்கால் தாய்ப்பலகைக்கு ஊறு நேரலாம் என எதிர்த்தரப்பினர் கூறுவர். இதில் உண்மை உண்டு. ஆயின் 65 உவாற்றுக்கு அத்துணைப் பெரிய குளிராக்கி வேண்டுவதில்லை. வேண்டுவோர் பயணத்தின் முன் அதனைக் கழற்றி வைக்கலாம். காற்றுக்குளிராக்கியைக் கழற்றப் பெரும்பாலும் ஒரு திருகாணிச் செலுத்தியே போதும்.

ஈற்றிற் பொருளாதாரத்தை நோக்குவோம். நல்ல நீர்க்குளிர்ச்சி அமைப்பின் விலை, இவ்வேலைக்குப் போதுமான காற்றுக்குளிராக்கியின் விலையைவிடப் பன்மடங்கு கூடியது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் இருந்தது. அம்மேலதிக விலை எத்தனை நாட் கொழுந்து என்பதை வாசகர் கணித்துக்கொள்க. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவர் மறப்பர்? நீருக்குச் செலவிடும் பணத்தை மின்கலத்துடன் கூடிய தடையிலா மின்வழங்கி ஒன்றுக்கோ, நினைவகத்தைப் பெருக்குவதற்கோ செலவிடுக. எழுதிய பக்கங்களைக் காப்பது அதுவே. வண்ண விளக்குகள் அல்ல.

கடுகண்ணாவ ஏற்றத்தில் றேடியேற்றர் கொதித்து, சாரதி வாளியோடு நீர் தேடிய பழைய பாரவூர்திகளைக் கண்டோர் எம்மிடையே உளர். அதே மலைப்பாதைகளிற் காற்றினாற் குளிரும் சிறு இயந்திரத்தோடு முச்சக்கரவண்டிகள் ஏறிச் சென்றதையும் கண்டுள்ளோம். பாரவூர்திக்கு நீர் வேண்டும், முச்சக்கரவண்டிக்கு வேண்டுவதில்லை. இதனைச் சாரதிகள் அறிந்திருந்தனர். ஒரு கருவி எவ்வூரில் வாழ்கின்றதோ அவ்வூரின் கைகளாற் பழுதுபார்க்கப்படத்தக்கதாய் இருத்தல் வேண்டும். பழுதுபார்க்கவியலாத கருவி எத்துணைப் புதியதாயினும் அஃது எமக்குரியதன்று. கணனி வாங்கவிருக்கும் மாணவர் கடைக்காரரின் சொல்லைக் கேட்பதன்முன், தம் ஊரிற் பழுதுபார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பாராக.