ஓய்ந்த கையும் ஓயாக் கலமும்

அகவை அறுபது நிறைந்தவுடன் மாலை சூட்டுகின்றோம், பொன்னாடை போர்த்துகின்றோம், இரண்டு நற்சொற்கள் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றோம். முந்நாள் வரை ஆயிரவர்க்கு எழுத்தறிவித்த கை, மறுநாள் முதல் செய்தித்தாளைப் புரட்டுவதற்கே பயன்படுகின்றது. ஓய்ந்தது பணியா, மாந்தனா என்று எவரும் வினவுவதில்லை. பள்ளியினின்று விடைபெறும் நாளை நெருங்கிக்கொண்டிருக்கும் என்னை இவ்வினா சில திங்களாகவே குடைந்து வருகின்றது. அதற்குரிய விடையின் ஒரு பாதியை, ஆத்திரேலிய நாட்டின் சிட்னித் துறையில் நிற்கும் ஒரு மரக்கலத்தில் கண்டேன். மறு பாதியை, அக்கலம் சொல்லாமல் விட்ட வரலாற்றில் கண்டேன்.

'எண்டெவர்' என்பது அக்கலத்தின் பெயர். நம் மொழியில் 'முயற்சி' எனலாம். நிலக்கரி சுமப்பதற்கென இங்கிலாந்தின் விட்பி ஊரில் கட்டப்பெற்றதனை 1768இல் அந்நாட்டுக் கடற்படை விலைக்கு வாங்கிற்று. சேம்சு குக்கு என்பாரின் தலைமையில் 94 பேரைச் சுமந்து அது தென்கடல் நோக்கிச் சென்றது. அம்மூலக்கலம் 1778இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டுத் துறையருகே மூழ்கடிக்கப்பட்டது. இன்று சிட்னியில் நிற்பது அதனைப் போன்றே செய்த மறுகலம். மேற்கு ஆத்திரேலியாவின் பிரிமாண்டிலில் 1988இல் கட்டத் தொடங்கி 1993இல் நீரில் இறக்கினர். 2005 முதல் ஆத்திரேலிய நாட்டுக் கடல்சார் அருங்காட்சியகம் அதனைப் பேணி வருகின்றது.

அக்கலத்தைக் காண வருவோர்க்கு அதனைச் சுற்றிக்காட்டி விளக்குவோருள் ஊதியம் பெறாத் தொண்டர் பலர். அவருள் பணி ஓய்வு பெற்றோரும் பலர். நிமிர்ந்து நிற்கவும் இயலாத கீழ்த்தளத்தில் முதுகை வளைத்து நடந்து, வந்த சிறுவனுக்கு முடிச்சிடக் கற்பிக்கும் முதியவரை எண்ணிப் பாருங்கள்! எவரும் அவரை அழைக்கவில்லை; எவரும் அவர்க்குக் காசு தருவதுமில்லை.

மரக்கலம் பேணுதல் எளிய வேலையன்று. அதில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீள வடங்களும் 750 அளவில் மரக்கப்பிகளும் உள்ளன. பலகை இடுக்குகளில் நார் திணித்துக் கீல் பூசியாக வேண்டும். மரத்தை அழுகச் செய்வதில் கடலின் உப்புநீரினும் மேல்தளத்தின் வழியே கசிந்து உள்ளே தங்கும் மழைநீரே கொடியது. ஆதலின், கடலோடாமல் துறையில் நிற்பதனாலேயே ஒரு கலம் காப்புப் பெற்றுவிடாது. எந்த வடம் எந்தப் பாயை இழுக்கும் என்பதை வரைபடம் காட்டும். காற்றுத் திரும்பும் நொடியில் அதனை எவ்வளவு தளர்த்துவது என்பதைக் கைதான் கைக்குக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கும் கை ஒரு தலைமுறை இடையறுந்தால், கலம் வெறும் மரக்குவியலே.

இனி, மறு பாதிக்கு வருவோம். 1770 ஏப்பிரலில் குக்கின் ஆட்கள் இன்றைய சிட்னிக்கருகே கரையிறங்கியபோது தடுத்து நின்ற மண்ணின் மக்கள்மீது துமுக்கி வெடித்தது. சூன் திங்களில் வடக்கே பவழப்பாறையில் மோதி உடைந்த கலத்தை ஓர் ஆற்றுமுகத்தில் ஏற்றி, ஏழு கிழமையளவு தங்கிச் செப்பனிட்டனர். அவ்விடத்து வாழும் கூகு இமிதிர் மொழி பேசும் மக்களிடம் கேட்டெழுதிய சொல்தான் இன்று உலகமெல்லாம் வழங்கும் 'கங்காரு'. 'எனக்குத் தெரியாது' என்று அம்மக்கள் சொன்னதையே பெயரெனப் பிழைபடக் கொண்டனர் என்று ஒரு கட்டுக்கதை நெடுங்காலம் உலவிற்று. 1970களில் அம்மொழியை ஆராய்ந்தபோது அது பொய்யென்று வெளிப்பட்டது. அவ்விலங்கினத்துள் ஒருவகையைக் குறிக்கும் நல்ல சொல்லாகவே அது இருந்தது. எவ்வாறு வெளிப்பட்டது? அம்மொழியைப் பேசும் வாய்கள் அன்றும் உயிரோடிருந்தன, அதனால் வெளிப்பட்டது!

எல்லா மொழிக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. 1788இல் வெள்ளையர் குடியேறத் தொடங்கியபோது அந்நிலத்தில் 250க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. இன்று குழந்தைகள் தாய்மடியில் கேட்டு வளரும் மொழிகள் ஒரு பன்னிரண்டளவே. மூழ்கிய கலத்திற்கு மறுகலம் செய்ய ஐந்தாண்டு போதுமாயிற்று. பேசுவோரும் எழுத்துப் பதிவும் இன்றி அழிந்த மொழிக்கு மறுமொழி செய்யும் தச்சன் எங்கே உள்ளான்?

அக்கலம் ஆதிக்கத்தின் கலமாயிற்றே, அதற்கேன் தொண்டு என்று சிலர் கேட்கலாம். கலத்தை எரிப்பதால் கறை நீங்காது. தளத்தில் நிற்கும் முதியவர் பாய்மரத்தின் உயரத்தைச் சொல்லும் அதே வாயால், கரையில் நின்றவர் இழந்ததையும் சொல்லட்டும்; அவர் தொண்டு அப்பொழுதே நிறைவுறும். அக்கரையிலேயே இன்னொரு வகை முதியோரும் உளர். தம் பாட்டன் மொழியின் எஞ்சிய சொற்களைப் பேரர்க்கு ஓதிக்கொடுக்கும் மண்ணின் மூத்தோர் அவர்கள். கலம் காப்போரை யான் மதிக்கின்றேன். சொல் காப்போரை வணங்குகின்றேன்.

ஓய்வு பெறும் தோழரே! உம்மிடம் கலம் இல்லாதிருக்கலாம். ஆனால், வலை பின்னுவோனின் சொல்லோ, தறி நெய்வோனின் நுட்பமோ, தச்சனின் அளவோ, ஏற்றக்காரனின் பாட்டோ, உம்மோடு அழியக்கூடியது ஏதோ ஒன்று உம்மிடம் இருக்கும். அஃது எது என்று இன்றிரவே எண்ணிப் பாரும். நாளைக் காலை ஓர் இளையவனை அருகழைத்து அதனை அவன் கையில் வைத்துவிடும். கொடுத்து முடிக்கும்வரை நமக்கு ஓய்வில்லை.