பழகுதலும் பழக்குதலும்: கடிக்கும் எலியை முன்வைத்துச் சில கருத்துகள்

தமிழில் ‘பழகு’ தன்வினை. ‘பழக்கு’ அதன் பிறவினை. ‘பழக்கு’ இரண்டாம் வேற்றுமையை வேண்டும்: காளையை ஏருக்குப் பழக்குகிறார்கள், யானையைப் பழக்குகிறார்கள். ‘பழகு’ பெரும்பாலும் ‘ஓடு’ உருபோடு வரும்: அயலாரோடு பழகுகிறார்கள். பழக்கும்போது மாற வேண்டிய பொறுப்பு எதிரிலுள்ள உயிருக்கு மட்டுமே உண்டு. பழகும்போது அது இரு தரப்புக்கும் உண்டு. கடிக்கும் எலியை என்ன செய்வது என்ற கேள்வி, எலி வளர்ப்போர் வீட்டில் எழுந்தாலும் ஆய்வுக்கூடத்தில் எழுந்தாலும், பெரும்பாலோர் ‘பழக்கு’ என்பதையே கையிலெடுக்கிறார்கள். அஞ்சிக் கடிக்கும் எலியிடம் அது பலிப்பதில்லை.

செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் வெள்ளை எலியும் புள்ளி எலியும் பழுப்பு எலி என்னும் இனத்தின் வழிவந்தவை. 1906இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, இன்று இந்திய மருந்தியல் ஆய்வேடுகளில் அடிக்கடி இடம்பெறும் விஸ்டார் எலியும் அதே இனமே. பல தலைமுறைகளாகக் கூண்டில் வளர்ந்த இனம் என்றாலும், ஒவ்வோர் எலியும் மனிதக் கையைப் புதிதாகவே அறிந்தாக வேண்டும். குட்டிப் பருவத்தில் யாரும் மென்மையாகத் தொடாமல், இடம் மாற்றுவதற்கு மட்டுமே கை நுழைந்த கூண்டில் வளர்ந்த எலிக்குக் கை என்றால் பிடிபடுதல் என்றே பொருள்.

‘எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடித்துவிட்டது’ என்ற முறையீடு அடிக்கடி கேட்கப்படுகிறது. எச்சரிக்கை இல்லாமல் இல்லை. அது மனிதருக்கு எட்டுவதில்லை. அஞ்சிய எலி முதலில் அசையாமல் உறைந்து நிற்கும், மூலைக்குப் பின்வாங்கும், உடலை ஒடுக்கும், சில வேளைகளில் மயிர் சிலிர்க்கும். அச்சத்திலும் அபாயத்திலும் ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நீண்ட ஒலி எழுப்பும். மனிதச் செவியின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். ஒலிப்பவர் ஒலிக்கிறார், கேட்பவருக்கு அந்த ஒலியை வாங்கும் உறுப்பே இல்லை. கடி என்பது இந்தச் சமிக்ஞைகள் அனைத்தும் பயனற்றுப்போன பிறகு மிஞ்சும் கடைசிச் சமிக்ஞை.

கையின் வருகையே எலிக்கு எப்படிப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எலியின் பார்வை மங்கலானது. நிறமியற்ற சிவந்த கண்களையுடைய வெள்ளை எலிக்கு அது இன்னும் மங்கல். பருந்தும் ஆந்தையும் மேலிருந்தே பாய்கின்றன. கூண்டின் மேல்மூடியைத் திறந்து சட்டென இறங்கும் கை, எலியின் கணக்கில் அத்தகைய ஒன்றே.

எல்லாக் கடியும் அச்சத்தால் விளைவதில்லை. உணவு மணக்கும் விரலைத் தின்பண்டம் எனக் கருதிக் கவ்வும் எலி உண்டு. கம்பி இடுக்கின் வழியே தீனி கொடுத்துப் பழக்கப்படுத்தியவர் விரலுக்கு இது நேர்வது வழக்கம். குட்டி ஈன்ற தாய் கூட்டைக் காக்கக் கடிக்கும். வளர்ந்த ஆண் எலி சுரப்பிகளின் தூண்டுதலால் மயிர் சிலிர்க்க, பக்கவாட்டில் நகர்ந்து வந்து தாக்கக்கூடும். அதற்கு விலங்கு மருத்துவர் செய்யும் மலடாக்கல் பெரும்பாலும் உதவும். என்றும் சாதுவாக இருந்த எலி திடீரெனக் கடித்தால் வலியையோ நோயையோ சந்தேகிக்க வேண்டும். காரணத்தைப் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் ‘முரட்டு எலி’ என்று ஒரே பெயரிடுவது, நோயறியாமல் மருந்து எழுதுவதற்குச் சமம்.

அஞ்சிக் கடிக்கும் எலிக்கான வழி மெதுவானது, ஆனால் சிக்கலானதன்று. முதல் சில நாள்கள் கை கூண்டுக்குள் தேவையின்றி நுழையாமல் இருக்கட்டும். வளர்ப்பவர் உடுத்திய பழைய பருத்தித் துணித்துண்டு ஒன்றைக் கூட்டுக்குள் இட்டால், எலி அவருடைய மணத்தைத் தன் விருப்பப்படி அறிந்துகொள்ளும். நாள்தோறும் ஒரே நேரத்தில் கூண்டருகே அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசலாம். பிறகு நீண்ட கரண்டியின் நுனியில் சிறிது தயிரோ மசித்த வாழைப்பழமோ வைத்து நீட்டலாம். கவ்விக்கொண்டு ஓட முடியாத உணவு என்பதால் எலி அங்கேயே நின்று நக்கும்; மனிதர் அருகிலிருப்பது அபாயமில்லை என்று ஒவ்வொரு முறையும் கற்கும். கரண்டியைப் பிடிக்கும் இடத்தை நாளடைவில் குறுக்கினால், கடைசியில் உள்ளங்கை மிஞ்சும். தூக்க நேர்ந்தால் ஒரு குழாயிலோ பெட்டியிலோ தானாக ஏறச் செய்து தூக்கலாம். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வாலின் தோல் உரிந்துவிடும். எலி கூட்டமாக வாழும் உயிர். இன்னோர் எலியின் துணை இருந்தால் அச்சம் தணிவது எளிது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கடித்தவுடன் கை பின்வாங்கினால், கடித்தால் கை போய்விடும் என்று எலி கற்கிறது. ஆகவே பின்வாங்காமல் பொறுக்க வேண்டும் என்று சிலர் அறிவுறுத்துகிறார்கள். பாடம் பாதிதான் சரி. கடி வரும் அளவுக்கு நெருங்கியதே முந்தைய பிழை. எலி உறைந்து நிற்கும் கணத்திலேயே கை நின்று மெல்ல விலகினால், ‘கடிக்காமலே சொல்ல முடியும்’ என்று அது கற்கும். கடி நேர்ந்தால் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவி மருத்துவரை நாட வேண்டும்; பின்னாளில் காய்ச்சல் வந்தால் எலிக்கடியைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பொறுமை என்பது காயத்தை அலட்சியப்படுத்துவதன்று.

எதிர்வாதங்கள் இரண்டு. முதலாவது: எலி எவ்வளவு திமிறினாலும் நாள்தோறும் விடாமல் கையில் வைத்திருந்தால் அது அடங்கிவிடும்; வாரக்கணக்கில் காத்திருப்பது வீண். சில எலிகள் இவ்வழியில் விரைவாகத் தேறுவதும் உண்மையே. ஆனால் அடங்கிய எலியும் அமைதியான எலியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தப்ப வழியில்லை என்று கண்டு அசைவற்றுப்போன உடலை நம்பிக்கை என்று வாசிப்பது எளிது. அது தின்பண்டத்தை ஏற்கிறதா, விட்டதும் ஓடி ஒளிகிறதா, தானாகத் திரும்பி வருகிறதா என்பவையே வேறுபாட்டைக் காட்டும்.

இரண்டாவது: கடி பிறவிக் குணம். இதிலும் உண்மை உண்டு. சோவியத் ஒன்றியத்தின் நோவோசிபிர்ஸ்க் நகரில் 1972இல் பெல்யாயெவ் குழுவினர் காட்டுப் பழுப்பு எலிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி, மனிதரிடம் சாதுவாக இருக்கும் ஒரு வழியையும் மூர்க்கமாகத் தாக்கும் ஒரு வழியையும் உருவாக்கத் தொடங்கினர். மரபு எலியின் தொடக்கப் புள்ளியைத் தீர்மானிக்கிறது. ஆனால் வளர்ப்பெலிகள் மூர்க்கத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. அங்கிருந்து எத்திசையில் நகர்வது என்பதில் கைக்குப் பங்கு உண்டு.

இது வளர்ப்போரின் சிக்கல் மட்டுமன்று. 2010இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் இருவரும் சுண்டெலிகளை ஆராய்ந்து, வாலைப் பிடித்துத் தூக்குவதைவிடக் குழாயிலோ குவித்த கைகளிலோ தூக்குவது பதற்றத்தைக் குறைக்கிறது என்று காட்டினர். 2014இல் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு, ஆண் ஆய்வாளரின் உடல்மணம் மட்டுமே எலிகளிடம் மன அழுத்தத்தைத் தூண்டி வலியுணர்வை மாற்றிவிடுகிறது என்றது. பதற்றத்தை அளக்கும் சோதனையில் அளக்கப்படுவது மருந்தின் விளைவா, காலையில் எலியைத் தூக்கிய கையின் விளைவா? இக்கேள்விக்கு விடையில்லாத ஆய்வேட்டின் அட்டவணைகளை எப்படி நம்புவது?

இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதலின்றி இத்தகைய ஆய்வு நடவாது. ஒப்புதல் எண்ணை ஆய்வேட்டில் குறிப்பதோடு நில்லாமல், எலிகளை யார், எத்தனை நாள், எம்முறையில் கையாண்டனர் என்று முறையியல் இயலில் ஒரு பத்தி எழுதுவதைத் துறைகள் கட்டாயமாக்க வேண்டும். முதல் பரிசோதனைக்கு முன் ஒரு வாரமேனும் எலியோடு இருப்பதற்கென்றே கால அட்டவணையில் இடம் தர வேண்டும். தடித்த கையுறையோடு முதல் நாளே ஊசி போடக் கற்றுக்கொள்ளும் மாணவர், எலியை மட்டுமன்றித் தம் தரவையும் அச்சுறுத்துகிறார்.

எலியின் ஆயுள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். அதில் நான்கைந்து வாரங்களைப் பழகுவதற்குக் கேட்பது எலியின் பங்குக்கு மிகுதி. மனிதரின் பங்குக்கு மிகக் குறைவு. அந்த வாரங்களைத் தர இயலாதவர் எலி வளர்க்காமலிருப்பதே நன்று.